காட் ஆஃப் வார் ஒன்றை முடித்தவர்கள் இரண்டை எப்படி ஆட வேண்டும்

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் சித்தப்பா பையன் கிரேக்கப் புராணத்தை வைத்து வந்த சண்டை வீடியோ கேமான காட் ஆஃப் வாரில் முதல் கேமை முடித்துவிட்டு இரண்டாவதைப் பாதி வரை ஆடிவிட்டுப் போன் செய்தான். "அண்ணா, ரெண்டாவதும் அதேதான்ணா. அதே சங்கிலி வாள், அதே கத்தல், அதே சிவப்பு உருண்டை. நீங்க ஏன் இதைப் போய் இவ்வளவு பேசுறீங்க?" எனக்குச் சுருக்கென்றது. இந்த இரண்டு கேமையும் எத்தனை முறை முடித்தேன் என்று எனக்கே கணக்கில்லை, அதுவும் இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்த கேம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். எதிரி வந்தால் என்னடா அழுத்துகிறாய்? "ஸ்கொயர், ஸ்கொயர், ட்ரையாங்கிள்" என்றான்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. முதல் கேமில் அந்த மூன்று பட்டன் நம் விரலுக்குள் போய் உட்கார்ந்துவிடும், அதை வைத்தே முதலில் வரும் பல தலைப் பாம்பு ஹைட்ராவிலிருந்து கடைசி எதிரியான போர்க் கடவுள் ஏரிஸ் வாசல் வரை போய்விடலாம். இரண்டாவது கேமையும் அதே மூன்று பட்டனில் ஓட்டிவிட முடியும், அது உங்களைத் தடுக்காது. ஆனால் அப்படி ஓட்டினால் முதல் கேமையே வேறு ஊரில் வைத்து ஆடிய மாதிரிதான் இருக்கும். இரண்டாவதில் புதிதாக வந்த எதுவும் கண்ணில் படாது, ஏனென்றால் புதிதாக வந்ததில் பாதி நம் கைக்காக வந்தது, நாமாகக் கை வைத்தால்தான் தெரியும். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை கிருஷ்ணகிரிக்கு வரச்சொல்லி, பழையபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்காரவைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் கேமை முடித்திருக்கிறீர்கள், இரண்டாவதை இனிமேல்தான் தொடப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்கானது. ஏற்கெனவே அவசரத்தில் முடித்தவர்களும் இன்னொரு முறை ஆடிப் பாருங்கள்.

இரண்டுமே சோனியின் பிஎஸ்2 (ப்ளேஸ்டேஷன் 2) பெட்டிக்கான கேம், இரண்டையும் செய்தது சான்டா மோனிகா ஸ்டுடியோ. முதலாவது 2005 மார்ச், இரண்டாவது 2007 மார்ச். இரண்டாவது வரும்போது பிஎஸ்3 வந்து சில மாதம் ஆகிவிட்டது, ஆனாலும் பழைய பெட்டியிலேயே வெளியிட்டார்கள். 32 எம்பி ராம் மட்டும் இருக்கும் ஒரு பெட்டியில் இவ்வளவு செய்ய முடியுமா என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். முதல் கேமின் இயக்குநர் டேவிட் ஜாஃபி. இரண்டாவதை கோரி பார்லாக் இயக்கினார். அவர் முதல் கேமில் தலைமை அனிமேட்டராக இருந்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அசைவுகளைச் செய்துகொண்டிருந்த ஆள் கையில் கேம் போனதால்தான், இரண்டாவதில் ஓர் அடியிலிருந்து அடுத்த அடிக்கு கேமின் நாயகன் க்ரேட்டோஸின் உடம்பு திரும்புவது அவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

எதில் ஆடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வீட்டில் பிஎஸ்2 இருந்தால் அதுவே போதும். பிஎஸ்3 இருந்தால் 2009இல் வந்த தொகுப்பில் இரண்டு கேமும் ஒன்றாகக் கிடைக்கும், படமும் தெளிவாக இருக்கும். பிஎஸ்2 கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் பிசிஎஸ்எக்ஸ்2 என்ற மென்பொருளை வைத்து ஆடுபவர்களும் உண்டு. அப்படி ஆடினால் தயவுசெய்து கீபோர்டில் ஆடாதீர்கள். இரண்டு குச்சியையும் ஒரே நேரத்தில் உள்ளே அழுத்தவேண்டிய இடமும், சர்க்கிளை விடாமல் தட்டவேண்டிய இடமும் இந்தக் கேமில் நிறைய வரும், கீபோர்டில் அதெல்லாம் தண்டனை. சாதாரண யுஎஸ்பி கன்ட்ரோலர் ஒன்று போதும், குச்சி மட்டும் தளர்ந்துபோகாமல் இருக்கவேண்டும்.

டிவியும் முக்கியம். எங்கள் வீட்டுப் பழைய குண்டு டிவியில் பட்டனை அழுத்தினால் அந்த நொடியே அடி விழும். புதிய எல்இடி டிவிகளில் படம் ஒரு கண் சிமிட்டல் தாமதமாக வரும், சாதாரணச் சண்டையில் அது தெரியாது, அடியை நேரம் பார்த்துத் தடுக்கும்போது மட்டும் ஏன் தவறுகிறது என்று புரியாமல் கன்ட்ரோலரைத் திட்டுவோம். டிவி செட்டிங்கில் கேம் மோட் இருந்தால் போட்டுவிடுங்கள். என் தம்பி ஒரு வாரம் தடுமாறியதில் பாதிக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது பெரியவர்களுக்கான கேம். ரத்தம், தலை கொய்வது, இன்னும் சில காட்சிகள் எல்லாம் உண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கியபின் ஆடுங்கள்.

முதல் வேலை: பழைய கேமில் ஒரு மணி நேரம்

இரண்டாவதைத் திறக்கும் முன் முதல் கேமின் ஆரம்பத்தை, அதாவது கப்பலில் ஹைட்ராவைக் கொல்லும் வரை, மறுபடி ஆடுங்கள். ஆடும்போது உங்கள் கையைக் கவனியுங்கள். எத்தனை முறை அந்த ஸ்கொயர் ஸ்கொயர் ட்ரையாங்கிள் போடுகிறீர்கள், எத்தனை முறை தடுக்கிறீர்கள், வலது குச்சியை வைத்து உருண்டு ஓடுகிறீர்களா இல்லையா என்று பாருங்கள். நான் தம்பியை ஆடவிட்டு எண்ணினேன். அரை மணி நேரத்தில் அவன் எல்-1 பட்டனைத் தொட்டதே நான்கு முறை. தடுக்கவே தோன்றவில்லை அவனுக்கு, அடித்துக்கொண்டே இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முதல் கேம் பழக்கியிருக்கிறது.

அந்த அடியைக் கேவலமாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். வீச்சு பெரிது, கடைசி அடி தரையில் விழும்போது சுற்றியிருப்பவர்கள் எல்லாம் தெறிப்பார்கள், கூட்டத்துக்கு நடுவில் அதைவிட நல்லது இல்லை. ஆனால் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று ஆகிவிட்டால் மற்ற சாவிகள் துருப்பிடித்துப் போகும்.

அதே கையோடு இரண்டாவது கேமைப் போட்டு ரோட்ஸ் நகரத்தில் வரும் கொலோசஸ் சண்டையை ஆடுங்கள். பழைய கிரேக்கர்கள் உண்மையிலேயே ரோட்ஸில் அப்படி ஒரு பெரிய சிலையை நிறுத்தியிருந்தார்கள், உலக அதிசயம் ஏழில் ஒன்று, பிறகு நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. கேமில் அந்தச் சிலைக்கு உயிர் வந்து உங்களைத் துரத்துகிறது. ஹைட்ராவும் பெரியதுதான், நல்ல சண்டைதான். ஆனால் அது இருக்கும் இடத்தில் இருக்கும், நாம் போய் அடிப்போம். கொலோசஸ் அப்படியில்லை. ஒரு கட்டடத்துக்குள் நீங்கள் சாதாரணப் படைவீரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது சுவரை உடைத்துக்கொண்டு கை வரும், பிறகு காணாமல் போகும், பிறகு கண் மட்டும் ஜன்னலில் தெரியும். கல்லெறியும் பொறியில் ஏறி உங்களையே அதன் மேல் எறிந்துகொள்வீர்கள், கடைசியில் அதன் உடம்புக்குள்ளேயே புகுந்து உடைக்கவேண்டும். ஒரே பாஸை, அதாவது பெரிய எதிரியை, ஒரு முழு லெவல் முழுக்க நீட்டி, நடுநடுவே மூச்சு விடவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்து ஆடினால்தான் இந்த வித்தியாசம் உறைக்கும், மாதக்கணக்கில் இடைவெளி விட்டால் நினைவில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

இரண்டாவது வேலை: மூன்று பட்டனைப் பூட்டி வையுங்கள்

கொலோசஸ் முடிந்து, கடவுள்களின் ராஜா சியூஸ் துரோகம் செய்து, பாதாளத்திலிருந்து மறுபடி எழுந்து வந்தபிறகு, அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்கொயர் ஸ்கொயர் ட்ரையாங்கிள் கிடையாது. தம்பி முனகினான், நான் விடவில்லை.

அதற்குப் பதில் என்ன செய்வது? ட்ரையாங்கிளை அழுத்திப் பிடித்தால் எதிரி மேலே தூக்கப்படுவான், கூடவே நீங்களும் எக்ஸ் அழுத்திக் குதித்து மேலேயே ஸ்கொயரில் அடியுங்கள், சர்க்கிளில் பிடித்து இழுத்துக் கீழே அறையுங்கள். ஆகாயத்தில் இருக்கும்போது கீழே இருப்பவர்கள் அடி பெரும்பாலும் உங்கள் மேல் விழாது. கூட்டம் சூழ்ந்தால் எல்-1 பிடித்துக்கொண்டு ஸ்கொயர், சங்கிலி சுற்றிச் சுழன்று எல்லாரையும் தள்ளி வைக்கும். ஒருவனை மட்டும் தனியாகப் பிரித்து அடிக்கவேண்டுமானால் சர்க்கிளில் பிடியுங்கள். இதெல்லாம் முதல் கேமிலேயே இருந்ததுதானே என்று கேட்பீர்கள், ஆமாம் இருந்தது. ஆனால் இரண்டாவதில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது லேசாக இருக்கிறது, எதிரிகளும் ஒரே மாதிரி வருவதில்லை, தூரத்தில் நின்று எறிபவன் ஒருவன், கேடயம் பிடித்தவன் ஒருவன், பறப்பது ஒன்று என்று கலந்து விடுகிறார்கள். யாரை முதலில் முடிப்பது என்று நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனைதான் இரண்டாவது கேமின் சுவையே. எறிபவனை விட்டுவிட்டு முன்னால் நிற்பவனை அடித்துக்கொண்டிருந்தால் லைஃப் கரைந்துகொண்டே இருக்கும்.

வலது குச்சியை மறக்காதீர்கள். இந்த இரண்டு கேமிலும் கேமராவை நாம் திருப்ப முடியாது, அந்தக் குச்சி உருள்வதற்கு. தடுக்க முடியாத அடி வரும்போது உருண்டு பின்னால் போய் அடிப்பது பழகவேண்டும்.

தங்கக் கம்பளி: இங்கே அவசரப்படாதீர்கள்

இரண்டாவது கேமின் பெரிய முன்னேற்றம் எது என்று என்னைக் கேட்டால் கொலோசஸைச் சொல்லமாட்டேன், கோல்டன் ஃப்ளீஸைத்தான் சொல்வேன். கிரேக்கக் கதையில் ஜேசன் தேடிப் போன அந்தத் தங்க ஆட்டுக் கம்பளிதான். கேமில் ஜேசனையே செர்பெரஸ் என்ற பல தலை ராட்சத நாய் விழுங்கிவிட, அதைக் கொன்று எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வான் க்ரேட்டோஸ். எதிரி அடி உங்கள் மேல் விழப்போகும் அந்த நொடியில் எல்-1 தட்டினால் அடி திரும்பும், உடனே தாக்கும் பட்டனைத் தட்டினால் பெரிய பதிலடி. எதிரி எறியும் சில மந்திரங்களையும் அப்படியே அவன் மேலேயே திருப்பி அனுப்பலாம்.

பழகும் முறை இதுதான். கம்பளி கிடைத்த பிறகு வரும் முதல் சாதாரணப் படைவீரர்களில் ஒருவனைத் தவிர மற்ற எல்லாரையும் முடித்துவிடுங்கள். அந்த ஒருவனை மட்டும் உயிரோடு வைத்து, அவன் எதிரில் சும்மா நில்லுங்கள். அடிக்காதீர்கள். அவன் கை ஓங்குவதைப் பாருங்கள், ஓங்கும்போதே தட்டினால் அது வெறும் தடுப்பு, பலனில்லை. ஓங்கிய கை இறங்க ஆரம்பிக்கும்போது தட்டவேண்டும். பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, தட்டிவிட்டு விடவேண்டும். பத்து முறை தவறும், லைஃப் போகும், பரவாயில்லை, செத்தாலும் பக்கத்திலேயே மறுபடி ஆரம்பிக்கும். தம்பிக்கு முதல் சரியான தட்டு விழ இருபது நிமிடம் ஆனது. அதன்பிறகு அவன் ஆட்டமே மாறியது, எதிரி எப்போது அடிப்பான் என்று காத்திருக்க ஆரம்பித்தான். முதல் கேமில் எதிரி அடிப்பது நமக்குத் தொந்தரவு. இங்கே எதிரி அடிப்பதுதான் நமக்கு வாய்ப்பு. ஒரே பட்டனின் பயனை மாற்றி முழுச் சண்டையையும் திருப்பிப்போட்டிருக்கிறார்கள். பதினைந்து புது ஆயுதம் கொடுத்திருந்தாலும் இது வந்திருக்காது.

ஆத்திரத்தைச் சில்லறையாகச் செலவழியுங்கள்

முதல் கேமில் ரேஜ் ஆஃப் தி காட்ஸ் என்று, கொஞ்ச நேரம் அடியின் பலத்தை ஏற்றும் ஆத்திரச் சக்தி ஒன்று உண்டு, ஞாபகம் இருக்கும். மீட்டர் முழுதாக நிரம்பினால்தான் போட முடியும், போட்டால் முழுதும் தீரும். அதனால் நாம் எல்லாரும் என்ன செய்தோம்? பெரிய எதிரி வருவான் வருவான் என்று சேர்த்துச் சேர்த்து வைத்தோம், பாதி நேரம் போடவே மறந்துபோனோம்.

இரண்டாவதில் ப்ரோமித்தியஸைத் தீயில் விழவைத்து அவன் வேதனையை முடித்துவைத்தால் அந்தச் சாம்பலிலிருந்து ரேஜ் ஆஃப் தி டைட்டன்ஸ் கிடைக்கும். இதைப் பாதி மீட்டரிலும் போடலாம், போட்டதை நடுவில் நிறுத்தலாம், மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் இதை உபயோகிக்கும் முறையை மாற்றாவிட்டால் பழையபடி சேர்த்து வைத்தே முடித்துவிடுவீர்கள். என் யோசனை: இரண்டு குச்சியையும் அழுத்திப் போடுங்கள், மூன்று நான்கு அடி அடியுங்கள், ஆபத்து தாண்டியதும் மறுபடி அழுத்தி நிறுத்துங்கள். சுற்றி நிற்பவர்களைத் தள்ளிவிட்டு மூச்சு வாங்க, பெரிய எதிரி ஒருவனைக் கடைசி அடிக்குக் கொண்டுவர என்று இப்படிச் சில்லறையாகச் செலவழித்தால் ஒரு மீட்டரை நான்கு சண்டைக்கு வைத்துக்கொள்ளலாம். அடித்துக்கொண்டே இருந்தால் மீட்டர் மறுபடி ஏறும் என்பதால் பயப்பட வேண்டியதில்லை.

வில்லும் மந்திரமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைஃபனின் கண்ணில் குத்தி எடுக்கும் வில், தூரத்தில் நின்று எறிபவர்களுக்கும் பறப்பவைகளுக்கும், அவ்வளவுதான். க்ரோனோஸ் ரேஜ் என்ற மின்னல் மந்திரம் கூட்டத்துக்கு. யூரியாலி தலை முதல் கேமில் மெடூசா தலை செய்ததையே செய்யும், கல்லாக்கி உடைக்கலாம். அட்லஸ் கொடுக்கும் நிலநடுக்கம் நன்றாக இருக்கும், ஆனால் தாமதமாகத்தான் கைக்கு வரும். கூடுதல் ஆயுதங்களில் பார்பேரியன் சுத்தியலை ஒரு சண்டைக்காவது எடுத்துப் பாருங்கள், கனமான, மெதுவான ஆயுதம், ஆவிகளைக் கிளப்பிவிடும். எனக்கு அது பிடிக்கும், தம்பிக்குப் பிடிக்கவில்லை.

எதிரியைக் கொன்றால் கிடைக்கும், ஆயுதத்தை வளர்க்க உதவும் சிவப்பு உருண்டையை எதில் போடுவது? முதலில் வாளில்தான், ஏனென்றால் வாள் ஒவ்வொரு படி ஏறும்போதும் புது அடிகள் திறக்கும். ஒன்றிரண்டு படி ஏற்றியபின் க்ரோனோஸ் ரேஜ். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எதையும் முழுசாக ஏற்றாமல் இருப்பதுதான் புதிதாக ஆடுபவர்கள் செய்யும் தவறு. சுவரோரம், தூண் மறைவு எல்லாம் தேடிப் பாருங்கள், கோர்கன் கண் ஆறு சேர்ந்தால் லைஃப் நீளும், ஃபீனிக்ஸ் இறகு ஆறு சேர்ந்தால் மந்திரம் நீளும், இது இரண்டு கேமிலும் ஒன்றே.

நடப்பதும் தாவுவதும்

முதல் கேமில் என்னை அழவைத்தது ஏரிஸ் இல்லை, பாதாளத்தில் வரும் அந்தச் சுழலும் தூண்கள்தான். கத்தி பதித்த தூண் சுற்றிக்கொண்டே இருக்கும், அதில் ஏறிப் போகவேண்டும், ஒரு கத்தி பட்டால் கீழே விழவேண்டியதுதான். அதற்கு முன் ஒல்லியான கட்டைகள் மேல் நடக்கவேண்டும். ரவுண்டானா பக்கம் இருந்த ஒரு கேம் கடையில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து நான் ஆடிய காலத்தில், அந்த ஒரு இடத்தில் மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது. அடுத்து யாராவது என் சேவ் மேலேயே அவர்கள் சேவைப் போட்டுவிடுவார்கள், 8 எம்பி மெமரி கார்டு ஒன்றை வைத்து எத்தனை பேருக்குத்தான் இடம் வரும்? மறுபடி முதலிலிருந்து. 2012 மின்வெட்டு நாட்களில் வீட்டில் ஆடியபோதும் இதே கதை, வெளிச்சத் தூணுக்குப் போய்ச் சேவ் செய்யும் முன் கரண்ட் போய்விடும். அதனால் இப்போதும் சொல்கிறேன், வெளிச்சத் தூணைக் கண்டால் சேவ் செய்யாமல் தாண்டாதீர்கள்.

இரண்டாவதில் தாவும் இடங்களில் கோபம் வருவது எனக்கு வெகுவாகக் குறைந்தது. காரணம், உங்களுக்குக் காப்பாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. வாளைக் கொக்கியாக வீசி ஊஞ்சலாடலாம். இக்காரஸைக் கீழே விழுந்துகொண்டே அடித்து அவன் சிறகைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, குதித்து எக்ஸ் பிடித்தால் மிதந்து போகலாம். குதிக்கும்போது தப்புக் கணக்குப் போட்டுவிட்டால் மிதந்து சரிசெய்துகொள்ளலாம். இதற்கு ஒரு பழக்கம் தேவை: இரண்டாவது குதிப்பை உடனே போட்டுவிடாதீர்கள். முதல் குதிப்பு உச்சிக்குப் போனதும் இரண்டாவது, அது உச்சிக்குப் போனதும் சிறகு. அவசரத்தில் மூன்றையும் ஒரே நொடியில் போட்டுவிட்டு விழுந்துவிட்டேன் என்று சொல்பவர்கள்தான் நிறைய.

சில இடங்களில் ஃபேட்ஸ் என்ற விதி தேவதைகளின் தாயத்தை வைத்து நேரத்தை மெதுவாக்கும் புதிர்களும் உண்டு. முதல் கேமில் புதிர் என்றாலே ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவதாகவே எனக்கு ஞாபகம். இங்கே கதவு மூடும் முன் போய்ச் சேரவேண்டும் என்று கணக்கு மாறுகிறது. புதிரில் மாட்டினால் யூடியூப் திறக்கும் முன் கேமரா எதைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். கேமராவை நம் கையில் தராததற்குப் பதிலாக, எங்கே பார்க்கவேண்டும் என்பதை அதுவே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஸ்டீட்ஸ் ஆஃப் டைம் என்ற அந்த ராட்சதக் கல் குதிரைகள் மேல் நீங்கள் எறும்பு மாதிரி நடந்து போகும் இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். சையத் பாஷா மலைமேல் ஏறி நின்று ஊரைப் பார்க்கும்போது எங்கள் வீடு தீப்பெட்டி மாதிரி தெரியும், அந்த உணர்ச்சி எனக்கு அங்கே வந்தது. முதல் கேமில் க்ரோனோஸ் முதுகில் கோயிலைச் சுமந்துகொண்டு பாலைவனத்தில் ஊர்ந்து வரும் காட்சி இதற்குச் சமம், ஆனால் உள்ளே போனபின் பெரும்பகுதி அந்த ஒரே கோயிலுக்குள்தான் நடக்கும். இரண்டாவது இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது.

பாஸ்களை ஒரு கேள்வி கேட்டு ஆடுங்கள்

முதல் கேமில் பெரிய பாஸ் என்றால் மூன்று: ஹைட்ரா, கவசம் போட்ட மினோட்டார் (காளைத் தலை அரக்கன்), ஏரிஸ். இரண்டாவதில் விரல் விட்டு எண்ணினாலும் இரண்டு கை போதாத அளவு. எண்ணிக்கை ஏறியது மட்டும் என்றால் நான் இதைப் பெரிதாகச் சொல்லமாட்டேன். ஒவ்வொரு பாஸும் ஒரு தனிக் கேள்வி கேட்கிறது, அது என்ன கேள்வி என்று முதல் ஒரு நிமிடம் தடுத்துக்கொண்டு மட்டும் இருந்து கண்டுபிடியுங்கள்.

தீசியஸ் கீழே ஒரு மாதிரி சண்டை போடுவான், பிறகு மேலே ஏறி நின்று எய்வான், மினோட்டார்களை வரவழைப்பான். உனக்குத் தூரத்தில் அடிக்கத் தெரியுமா என்பதுதான் அவன் கேள்வி. வில் இல்லாமல் அவனை முடிக்க நினைத்தால் நேரம்தான் போகும். பெர்சியஸ் குளியலறை மாதிரி ஓர் இடத்தில் மாயமாக மறைந்துவிடுவான். ஆளைத் தேடாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள், அவன் நடக்கும் இடத்தில் தெறிக்கும். (1981இல் வந்த ஒரு படத்தில் பெர்சியஸாக நடித்த ஹாரி ஹாம்லின்தான் இங்கேயும் குரல் கொடுத்திருக்கிறார், எனக்கு இது தெரிந்தபோது அவ்வளவு சந்தோஷம்.) பார்பேரியன் ராஜா முதல் கேமில் வெறும் பழைய நினைவுக் காட்சியில் வருபவன், க்ரேட்டோஸ் ஏரிஸிடம் தன்னையே விற்றது அவன் கையில் தோற்கப் போகும்போதுதான். அவனை ஏழு கடல் தாண்டிக் கொண்டுவந்து உங்கள் எதிரில் நிறுத்துகிறார்கள். அதே சண்டையில் முதல் கேமில் ஹைட்ரா தொண்டைக்குள் விழுந்த அந்தக் கப்பல் கேப்டனும் ஆவியாக வருவான். முதல் கேமை ஆடியவர்களுக்கென்றே வைத்த விஷயம் இது, தம்பி அந்த இடத்தில் எழுந்தே நின்றுவிட்டான்.

இன்னொரு வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் கேமில் ஏரிஸ் கடைசிச் சண்டையில் உங்கள் மந்திரத்தையும் வாளையும் பறித்துவிடுவான், அதுவரை உருண்டை சேர்த்து ஏற்றிய எதுவும் உதவாது, கையில் புதிதாக ஒரு பெரிய வாள். கதைக்கு அது பொருத்தம்தான், ஆனால் ஆடும் கைக்கு ஏமாற்றம். இரண்டாவதில் சியூஸிடம் போகும்போது நீங்கள் வளர்த்தது உங்களிடமே இருக்கிறது. அதனால் கடைசிச் சண்டைக்கு முன் மந்திரத்தை நிரப்பிக்கொள்ளுங்கள், ரேஜ் மீட்டரைக் காலியாக்கிவிட்டுப் போகாதீர்கள்.

இரண்டாவது எல்லாவற்றிலும் மேல் என்று சொல்லமாட்டேன். கதை முதல் கேமில்தான் கனம். மனைவியையும் மகளையும் தன் கையாலேயே கொன்றவன் அந்த நினைவைத் துடைக்க அலைவதும், ஏரிஸ் சண்டையின் நடுவில் அவர்களைக் கட்டிப்பிடித்துத் தன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றவேண்டி வருவதும் மறக்கவே முடியாது. இரண்டாவதில் அவன் வெறும் கோபக்காரன். முடிவும் முடிவில்லை, டைட்டன்கள் என்ற பழைய ராட்சதக் கடவுள்கள் ஒலிம்பஸ் மலை ஏறிவரும்போது திரை இருண்டுவிடும், அதன் மிச்சம் 2010இல் பிஎஸ்3இல் வந்த மூன்றாவதில்தான். அப்போது எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து யார் வீட்டிலும் பிஎஸ்3 இல்லை, பெங்களூரில் வேலை பார்த்த ஓர் அண்ணன் வீட்டுக்குப் போய் அந்த மிச்சத்தைப் பார்த்தேன். நீங்கள் மூன்றாவதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவதை முடியுங்கள்.

முடித்தபின் பெட்டியை மூடிவிடாதீர்கள். முதல் கேமில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. நீங்கள் ஏற்றிய வாள், மந்திரம் எல்லாவற்றோடும் மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆடலாம், பிளேட் ஆஃப் ஒலிம்பஸையும் எடுத்துக்கொள்ளலாம், வழியில் சேர்த்த குடங்கள் அப்போதுதான் வேலை செய்யும். முதல் முறை குடங்களைத் தேடாமல் ஓடிவந்தவர்களுக்கு இங்கே ஒன்றும் மிஞ்சாது, அதனால் முதல் முறையே மூலை முடுக்கைப் பாருங்கள். டைட்டன் என்ற கடினமான நிலையும் முடித்தபிறகுதான் திறக்கும். அதில் பழைய மூன்று பட்டன் வேலைக்கே ஆகாது, இரண்டு அடி வாங்கினாலே பாதி லைஃப் போய்விடும், எல்-1 தட்டத் தெரிந்தவன்தான் தாண்டுவான்.

தம்பி இப்போது டைட்டனில் தீசியஸிடம் மாட்டிக்கொண்டிருக்கிறான். நேற்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்து, "அண்ணா, மினோட்டாரை முதல்ல முடிக்கணுமா, மேல நிக்கிறவனை அடிக்கணுமா?" என்றான். மினோட்டாரை முக்கால் வாசி அடித்துவிட்டு நிறுத்து, உன் லைஃப் குறைந்ததும் சர்க்கிளில் அதை முடி, லைஃப் ஏற்றும் பச்சை உருண்டை அதிலிருந்துதான் வரும், நடுவில் கிடைக்கும் நேரத்தில் மேலே வில் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.